தொட்டிக்குள்ளே ஒரு கிறிஸ்துமஸ்!

கதவை மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள். பார்த்து, தரையெல்லாம் ஈரம்! கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறை இது. இரண்டு பேர் நின்றாலே இடம் போதாது. இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். ஒன்பது வயது மகள் தொட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றிக் குனிந்திருக்கிறாள். ஆறு வயது மகன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான். கணவர் கையில் போன், ஸ்டாப்வாட்ச் தயார். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் அம்மா, ஸ்வெட்டருக்கு மேல் சால்வையையும் போர்த்திக்கொண்டு வாசலோரம் ஸ்டூலில் அமர்ந்திருக்கிறாள். என் உள்ளங்கையில், கொழுக்கட்டை அளவில், ஒரு குட்டிப் பச்சை மரம்.

"ஒன்று… இரண்டு… மூன்று!"

விட்டேன். ஒரு நொடி மூழ்கியது. அடுத்த நொடி உடம்பெல்லாம் குமிழ் முளைத்து மேலே வந்தது. புஸ்ஸ்ஸென்று ஓசை. வெள்ளை நுரை விளிம்பு கட்ட, அதன் அடியிலிருந்து பச்சை நிறம் நூல் நூலாகப் பிரிந்து தண்ணீருக்குள் இறங்கியது. அப்புறம்தான் யாரும் எதிர்பாராத அந்தக் காட்சி. மரம் நகர்ந்தது! குழாய்ப் பக்கமிருந்து கிளம்பி, பின்னால் பச்சை வால் இழுத்துக்கொண்டு, தொட்டியின் மறுமுனை வரைக்கும் படகு மாதிரி போயிற்று.

"ஆச்சி, கிறிஸ்துமஸ் மரம் நீச்சல் அடிக்குது!" என்று மகன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் விழித்திருப்பார்கள்.

டிசம்பர் முதல் வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் இதே வேலை. ராத்திரிக்கு ஒன்று என ஐந்து இரவு, ஐந்து பாத் பாம், அதாவது தண்ணீரில் விட்டால் பொங்கிக் கரையும் குளியல் உருண்டை. கிறிஸ்துமஸ் குளியலுக்கு எது என்று முடிவுசெய்ய வேண்டும். விழா நாளில் கண்ணில் படப்போவது தங்க உருண்டை ஒன்றுதான். அதற்கு முன்னால் அடுக்களையில் நடந்ததும், தொட்டியில் நடந்ததும், தொட்டியைத் தேய்த்துக் கழுவியதும் உங்களுக்கு மட்டும்!

குளியலில் தொடங்கும் பண்டிகை

எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று கேட்டால், என் நினைவில் கிறிஸ்துமஸ் குளியலில்தான் தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் டிசம்பர் 25 அதிகாலை ஆராதனைக்குப் போக வேண்டும். இரண்டரை மணிக்கே பின்கட்டில் விறகு அடுப்பு எரியும். மேலே செம்பு அண்டாவில் வெந்நீர். வாசலில் நட்சத்திர விளக்கு. முதல் நாள் சுட்ட முறுக்கு, அதிரசத்தின் வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போயிருக்காது. வரிசையாகப் பிள்ளைகளை உட்காரவைத்து அம்மா தண்ணீர் ஊற்றுவாள். மார்கழிக் குளிரில் முதல் சொம்பு முதுகில் விழும்போது உடம்பு சிலிர்க்கும் பாருங்கள், எனக்கு அந்த நொடியில்தான் பண்டிகை பிறக்கும். பிறகு புதுத்துணி, பிறகு ஊசிக்கோபுரத் தேவாலயத்தின் மணி.

லண்டனுக்கு வந்து பதினொரு ஆண்டு. மரம் உண்டு, வண்ண விளக்கு உண்டு, கேக் உண்டு. குளியல் மட்டும் மற்ற நாள் குளியலாகவே இருந்தது. குழாயைத் திறந்து, நனைந்து, ஓடிவருவதோடு சரி. இந்த ஆண்டு அம்மா வந்திருக்கிறாள். குளியலுக்கும் பண்டிகை உடுப்பு போட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன்.

அதற்கு ஏற்ற ஊர்தான் இது. பாத் பாம் பிறந்ததே இங்கிலாந்தில்தான். 1989-இல், தென்கரையில் டார்செட் மாவட்டத்துப் பூல் நகரில், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் மோ கான்ஸ்டன்டைன் என்ற பெண்மணி உருவாக்கினார். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் ஆல்கா செல்ட்ஸர் மாத்திரைதான் பொறி. வயிற்றுக்கு ஒரு மாத்திரை இப்படிப் பொங்கலாம் என்றால் குளியலுக்கு ஏன் ஒன்று பொங்கக் கூடாது? அவரும் கணவர் மார்க்கும் மற்றவர்களும் சேர்ந்து 1995-இல் அதே ஊரில் தொடங்கிய கடைதான் லஷ். ஒரு தோட்டக் கொட்டகையில் பிறந்த உருண்டை உலகம் சுற்றிவிட்டு என் அடுக்களைக்கு வந்திருக்கிறது. நினைத்தாலே உற்சாகம் தொற்றிக்கொள்கிறது!

ஈனோவின் உறவுக்காரி

ஆல்கா செல்ட்ஸரை அம்மாவுக்குத் தெரியாது, ஈனோவைத் தெரியும். இரண்டும் பொங்குவது ஒரே காரணத்தால்தான். சமையல் சோடாவும் சிட்ரிக் ஆசிடும். இந்தச் சிட்ரிக் ஆசிடை நம் ஊர்க் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். உலர்ந்திருக்கும் வரை இரண்டும் ஒரே டப்பாவில் அக்கம்பக்கமாகச் சண்டையில்லாமல் இருக்கும். தண்ணீர் பட்டதும் ஆசிட் கரைந்து விழித்துக்கொள்ளும், சோடாவைப் பிடித்து உலுக்கும், கரியமில வாயு கிளம்பும்.

நான் எடுத்த அளவு இது. சமையல் சோடா 300 கிராம், சிட்ரிக் ஆசிட் 150 கிராம், சோளமாவு 75 கிராம், எப்சம் உப்பு 75 கிராம். இதில் ஆறு சென்டிமீட்டர் உருண்டைகள் ஐந்து வந்தன. கணவர் வேதியியல் படித்தவர். காகிதத்தில் கணக்குப் போட்டு, ஓர் உருண்டையிலிருந்து ஏறக்குறைய 11 லிட்டர் வாயு வரும் என்றார். கையில் அடங்கும் பொருளுக்குள் ஒரு பெரிய குடத்தளவு காற்று மடங்கிக் கிடக்கிறது!

இந்த அளவில் ஆசிட் முழுக்கத் தீர்ந்த பிறகும் கொஞ்சம் சோடா மிஞ்சும். தண்ணீர் லேசான காரத்தன்மை பெற்று வழவழப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த மிச்ச சோடாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இரவில் அது ஒரு வித்தை காட்டப் போகிறது.

சோளமாவு பொங்குதலைக் கொஞ்சம் நிதானப்படுத்துகிறது. எண்ணெய் மாவைப் பிடித்துவைக்கிறது, தோலுக்கும் இதம். நான் எடுத்தது தேங்காய் எண்ணெய். இந்தக் குளிரில் அது வெண்ணெய்க் கட்டியாக உறைந்து கிடந்தது, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளக்கினேன். அதில்தான் வாசனை எண்ணெயைக் கலந்தேன்.

புட்டு மாவுப் பதம்

முதல் நாள் கலவை பாழ். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. பக்கத்து அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. அந்த ஈரக்காற்றில் மாவைக் கலந்து, தண்ணீரையும் கரண்டியால் ஊற்றினேன். பாத்திரத்திலேயே சீறத் தொடங்கிவிட்டது! கையை விட்டால் மாவு ஜில்லென்று இருக்கிறது. இந்த வினை சுற்றிலும் உள்ள சூட்டை உறிஞ்சுவதால்தான் அந்தக் குளிர்ச்சி. அச்சில் அழுத்திவைத்த உருண்டைகள் பத்து நிமிடத்தில் உப்பி, மேலெல்லாம் கொப்புளம் கட்டி, அச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. தொட்டியில் பொங்க வேண்டிய பொங்கலெல்லாம் மேசையிலேயே முடிந்துவிட்டது.

அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா கிட்டே வந்தாள். ஒரு பிடி மாவை எடுத்தாள். பிசைந்தாள். முகம் மலர்ந்தது.

"ஏட்டி, இது புட்டு மாவுல்லா! இதுக்குப் போய் இம்புட்டுத் தண்ணியா ஊத்துவ? தெளிக்கணும்ட்டி, தெளிச்சுப் பிசிறணும்."

அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து அடுக்களை அம்மாவின் கைக்குப் போய்விட்டது. இட்லிப் பானை இறங்கியது. அடுத்த கலவைக்கு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர். நான் ஒரு முறை தெளிக்க, அவள் கையுறை போட்ட விரல்களால் உடனே பிசிற, மறுபடி ஒரு தெளிப்பு. ஈரம் ஓரிடத்தில் நிற்பதற்குள் மாவெல்லாம் பரவிவிட வேண்டும். புட்டுக்கு என்ன செய்வோமோ அதேதான். கட்டி தட்டக் கூடாது, சொதசொதக்கவும் கூடாது. ஆறேழு தெளிப்புக்குப் பிறகு அம்மா ஒரு பிடி எடுத்து இறுக்கினாள். விரல் வரிகள் பதிந்த கொழுக்கட்டையாக நின்றது. கட்டை விரலால் நெருடினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதான் பதம். போடு அச்சில."

இணையத்தில் எத்தனையோ செய்முறை பார்த்தேன். எல்லாரும் ஈர மணல் போல இருக்க வேண்டும் என்கிறார்கள். ஈர மணல் எனக்கு விளங்கவில்லை. புட்டு மாவு என்றதும் கைக்கே விளங்கிவிட்டது. அறுபது ஆண்டு புட்டு அவித்த விரல்களுக்கு இங்கிலாந்தின் பாத் பாம் ஐந்தே நிமிடத்தில் அடங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெருமை இன்னும் எனக்கு இறங்கவில்லை!

அச்சுகளுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. மரத்தில் தொங்கவிடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் பந்துகள் இரண்டு பாதியாகத் திறக்கும். அதில் உருண்டை. சிலிக்கான் தட்டில் நட்சத்திரம். மகள் எங்கிருந்தோ கொழுக்கட்டை அச்சைக் கொண்டுவந்தாள். "அம்மா, இதைப் பச்சையா பண்ணினா மரம்தானே?" அப்படியே! கூம்பு வடிவம், உச்சியில் கூர்மை, சுற்றிலும் மடிப்பு. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு தமிழ்க் கடையில் எப்போதோ வாங்கிய பிள்ளையார் சதுர்த்தி அச்சு, கிறிஸ்துமஸ் மரம் வார்த்துக் கொடுத்தது.

ஐந்து இரவுகள், ஐந்து வாணவேடிக்கை

விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. பாதித் தொட்டி தண்ணீர். சூடு 38 டிகிரி, குழந்தைக் குளியல் வெப்பமானியில் பார்த்து. பொங்கும் நேரம், நிறம், வாசனை, வேடிக்கை என நான்குக்கும் தனித்தனி மதிப்பெண். கரைந்து முடிந்தபின் யாராவது ஒருவர் இறங்கிக் குளித்தாக வேண்டும்.

முதல் இரவு, ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் வாங்கிய வெள்ளைப் பனிப்பந்து. கல் மாதிரி இறுக்கம். நான்கு நிமிடம் பத்து நொடி பொங்கியது. முதலில் வெறும் வெள்ளை. இரண்டாவது நிமிடத்தில் வயிற்றைத் திறந்து நீலத்தைக் கொட்டியது! அப்போதுதான் புரிந்தது, ஒவ்வொரு நிறத்தையும் அடுக்கடுக்காக அழுத்தி, எது எப்போது வெளியே வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். நாடகத்தில் பாத்திரங்கள் வரிசையாக மேடை ஏறுவதைப் போல. மகள் உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள்: "உள்ளே ரகசியம் வேண்டும்."

இரண்டாம் இரவு, தங்க உருண்டை. சாயம் எதற்கு, வீட்டில் மஞ்சள்தூள் இருக்கிறதே என்று ஒரு கரண்டி போட்டிருந்தேன். காய்ந்து எடுக்கும்போதே மேலெல்லாம் சிவப்புப் புள்ளிகள். தண்ணீரில் விட்டதும் மஞ்சள் நுரை, நுரையின் ஓரமெல்லாம் செம்மை. கொஞ்ச நேரத்தில் தொட்டியே ஆரஞ்சும் சிவப்புமாகக் குழம்பி நின்றது.

"ஆரத்தித் தண்ணி!" என்றாள் அம்மா.

அதேதான்! மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், அதுதானே ஆரத்தி. சுண்ணாம்பு காரம். என் கலவையில் மிஞ்சிய சோடாவும் காரம். கல்யாண வாசலில் தட்டில் பார்த்த அதே வித்தை, எண்பது லிட்டர் தொட்டியில்! கணவர் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். ஒரு கிண்ணம் தண்ணீரை மொண்டு அதில் பிழிந்தார். கிண்ணத்தில் மட்டும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்து இரவிலும் பாடம் கற்றுத்தந்த இரவு இதுதான். ஆனால் தொட்டியில் பிடித்த மஞ்சள் கறையை எடுக்க மறுநாள் பாதிக் காலை போயிற்று. ஊராக இருந்தால் வெயில் வெளுத்துக் கொடுத்திருக்கும். டிசம்பர் லண்டனில் வெயிலுக்கு எங்கே போவது? அதனால் மஞ்சள் போட்டியிலிருந்து விலகியது.

மூன்றாம் இரவு, நீங்கள் வாசலில் நின்று பார்த்த பச்சை மரம். ஃபர் மர எண்ணெயும் ஆரஞ்சு எண்ணெயும் சில துளிகள். அது ஏன் நகர்ந்தது என்று பிறகு யோசித்தோம். கூம்பின் அடிப்பாகம் அகலம், அங்கிருந்துதான் வாயு அதிகமாகக் கிளம்புகிறது. வாயு ஒரு பக்கம் தள்ள, மரம் எதிர்ப்பக்கம் போகிறது. காற்றைத் திறந்துவிட்ட பலூன் ஓடுகிற மாதிரிதான். சிறிய உருவம் என்பதால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடிந்தது என்றதும் மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று மட்டும் இரண்டாவது மரத்தையும் விட்டோம்.

நான்காம் இரவு, மத்தாப்பு நட்சத்திரம். இதற்குத்தான் வீடே காத்திருந்தது. நாக்கில் போட்டால் படபடவென்று வெடிக்கும் மிட்டாய் இருக்கிறதல்லவா, அதை நட்சத்திரத்தின் ஒரு முகத்தில் ஒட்டியிருந்தோம். 1956-இல் அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் மிட்செல் கண்டுபிடித்த மிட்டாய் இது. சர்க்கரைப் பாகுக்குள் கரியமில வாயுவை அழுத்திச் செலுத்தி, அப்படியே இறுக வைக்கிறார்கள். சர்க்கரை கரையக் கரைய, சிறைப்பட்ட வாயு சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஈரம் பட்டால் மிட்டாய் முன்கூட்டியே வெடித்துவிடும். அதனால் உருக்கிய கோகோ வெண்ணெயில் புரட்டி, நட்சத்திரம் நன்றாகக் காய்ந்த பிறகே பதித்தோம். கோகோ வெண்ணெய் 35 டிகிரி வாக்கில் இளகிவிடும். தொட்டியில் 38. ஆக, தண்ணீருக்குள் போன பிறகுதான் பூட்டு திறக்கும்!

விளக்கை அணைத்தோம். சன்னலில் மாட்டிய காகித நட்சத்திரத்தின் வெளிச்சம் மட்டும். விட்டேன். முதலில் புஸ். பிறகு, மெல்ல, படக்… படக் படக்… படபடபடபட! தொட்டி முழுவதும் பொரிந்தது. காதைத் தண்ணீர் அருகே வைத்தால், தூரத்துத் தெருவில் சரம் வெடிக்கிற ஓசை. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கும் பட்டாசு உண்டு. இங்கே பிறந்த என் பிள்ளைகள் அந்த ராத்திரியைப் பார்த்ததில்லை. அதன் ஒலியையாவது ஒரு குளியல் தொட்டியில் கேட்டார்கள். இருட்டில் அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஐந்தாம் இரவு, மூன்று சாஸ்திரிகள். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று அவர்கள் கொண்டுவந்த காணிக்கைகளை ஓர் உருண்டைக்குள் வைக்க ஆசை. பொன்னுக்குக் காக்காய்ப்பொன் தூள், அதாவது மைக்கா. பிளாஸ்டிக் மினுமினுப்பு வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். கழுவி விடுவதெல்லாம் கடைசியில் ஆற்றுக்கும் கடலுக்கும்தான் போகிறது. அதனால்தான் கழுவி விடும் குளியல் பொருள்களில் பிளாஸ்டிக் நுண்மணிகளை பிரிட்டன் 2018-இல் தடை செய்தது. மைக்காவிலும் ஆய்வுக்கூடத்தில் தயாராகும் செயற்கை மைக்காவைத் தேடி வாங்கினேன். இயற்கை மைக்காவுக்காகச் சுரங்கங்களில் பிள்ளைகளின் கைகள் வேலைசெய்யும் கதையைப் படித்தவர்கள் பண்டிகைக்கு அதை எடுக்க மாட்டார்கள்.

தூபவர்க்கத்துக்கு பிராங்கின்சென்ஸ் எண்ணெய். வெள்ளைப்போள எண்ணெயை விட்டுவிட்டோம். நாத்தனார் ஏழு மாதக் கர்ப்பிணி, விழாவுக்கு வருகிறாள், அது கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பிராங்கின்சென்ஸ் புட்டியின் மூடியைத் திறந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்குக் குளித்துவிட்டு வரும் பிள்ளைகளின் கூந்தலுக்குச் சாம்பிராணிப் புகை காட்டிய வீடு எங்கள் வீடு. இரண்டும் வேறு வேறு மரங்களின் பிசின்கள்தான். ஆனாலும் மூக்கு அக்காள் தங்கை என்று சொல்லிவிடுகிறது. உருண்டை மூன்றேகால் நிமிடம் பொங்கியது. தண்ணீர் தங்கமானது. கையை அசைத்தால் பொன்தூசு சுழிசுழியாகச் சுற்றியது. நான் இறங்கினேன். முக்கால் மணி நேரம் யாராலும் என்னை வெளியே எடுக்க முடியவில்லை!

அம்மாவின் வாளி

இவ்வளவு நடந்தும் அம்மா தொட்டியில் இறங்கவில்லை. "உக்காந்த தண்ணியிலேயே உக்காந்து குளிக்கதா? எனக்கு ஆகாதுட்டி. எனக்கு வாளியில போட்டுத் தா." நியாயமான பேச்சு. ஓர் உருண்டையில் கால்வாசியை உடைத்து, அகலமான வாளியில் வெந்நீர் நிரப்பிப் போட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்கால் வரை இறக்கினாள். குமிழ்கள் விரல் இடுக்கில் ஏறியதும், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "எறும்பு ஊருத மாதிரி இருக்கு!"

அப்போது எனக்கு உறைத்தது. நம் ஊரில் எத்தனை வீட்டில் தொட்டி இருக்கிறது? வாளி எல்லா வீட்டிலும் இருக்கிறது. 30 கிராம் துண்டு ஒன்று போதும், வேலைவிட்டு வந்த கால்களுக்கு அரை மணி நேரம் பண்டிகை.

இன்னொன்றும் அம்மாதான் கவனித்தாள். லண்டன் தண்ணீர் கடினநீர், சுண்ணாம்புச் சத்து மிகுதி. தாமிரபரணித் தண்ணீரில் குளித்துப் பழகிய அவளுக்கு வந்த நாளிலிருந்து காலெல்லாம் வறவற என்றிருந்தது. "இந்தத் தண்ணி மட்டும் நம்ம ஊர்த் தண்ணி மாதிரி வழுக்குதே?" என்றாள். சோடாவும் சிட்ரிக் ஆசிடும் சேர்ந்து கடைசியில் எஞ்சுவது சோடியம் சிட்ரேட். அது நீரிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் குணம் உடையது. எண்ணெயின் மினுமினுப்பும் சேர்ந்துகொள்ள, ஈஸ்ட் ஹாம் வாளிக்குள் கொஞ்சம் தாமிரபரணி!

செய்து பார்க்கப் போகிறீர்களா?

அப்படியானால் சில வார்த்தை. சிட்ரிக் ஆசிட் தூசு தொண்டையைக் கமறவைக்கும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு கலக்குங்கள். மழை நாளில், ஆவி பறக்கும் அடுக்களையில் வேண்டாம். கிறிஸ்துமஸ் என்றதும் பட்டை, கிராம்பு வாசனைக்குக் கை நீளும். பட்டை எண்ணெய் தோலை எரித்துவிடும், தொடவே வேண்டாம். எந்த வாசனை எண்ணெயும் துளிக்கணக்கில்தான், அதையும் அடிப்படை எண்ணெயில் கலந்த பிறகே சேர்க்க வேண்டும். சாயம் தொட்டி ஓரத்தில் வளையம் கட்டாமலிருக்க பாலிசார்பேட் 80 கொஞ்சம் சேர்க்கலாம், அது எண்ணெயையும் நிறத்தையும் தண்ணீரோடு இணக்கமாக்கும். முதலில் முழங்கையில் கொஞ்சம் பூசிப் பார்த்து, மறுநாள் அரிப்பு இல்லை என்றால் குளியுங்கள். கண்ணில் படக் கூடாது. எழுந்திருக்கும்போது பிடித்துக்கொண்டு எழுங்கள், எண்ணெய் வழுக்கும். அச்சிலிருந்து எடுத்ததை ஒரு முழு நாள் உலரவிடுங்கள், அவசரம் காட்டினால் ஓரம் உதிரும். முட்டை அட்டைதான் உலர்த்த நல்ல இடம், உருண்டையின் வயிறு தட்டையாகாது.

பூரணம்

வாக்கெடுப்பு காபித்தூள் டப்பாவில் நடந்தது. பிள்ளைகள் இருவரும் மத்தாப்பு நட்சத்திரம். நானும் கணவரும் மூன்று சாஸ்திரிகள். இரண்டுக்கு இரண்டு. நான்கு ஜோடிக் கண்களும் அம்மா பக்கம் திரும்பின.

அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டையும் ஒண்ணாக்கு. கொழுக்கட்டைக்குப் பூரணம் வைக்க மாட்டமா?"

கோகோ வெண்ணெயில் புரட்டிய மிட்டாயைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, குளிர்சாதனப் பெட்டியில் இறுகவைத்து, பொன்மாவுக்கு நடுவில் பூரணமாக வைத்து மூடினோம். அம்மாவே மூடினாள். ஒன்றே ஒன்றைச் சோதித்துப் பார்த்தோம். தங்கம் பொங்கியது, தூபவர்க்கம் மணந்தது. மூன்றாவது நிமிடம் எல்லாம் அடங்கி, முடிந்தது என்று எழப்போன நேரத்தில், தொட்டியின் நடுவிலிருந்து படபடபடவென்று சரவெடி! மகள் நோட்டைத் திறந்து முதல் நாள் எழுதிய வரிக்கு நேராக ஒரு பெரிய டிக் போட்டாள்.

இன்று டிசம்பர் 17. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே முட்டை அட்டையில் ஒன்பது தங்க உருண்டைகள் செல்லோஃபேன் தாளில் சுருட்டி, சிவப்பு நாடா கட்டி உட்கார்ந்திருக்கின்றன. நாடா கட்டியது மகள். பள்ளிக்குக் கிளம்புமுன் மகன் தினமும் ஸ்டூலில் ஏறி எண்ணிப் பார்க்கிறான், ஒவ்வொன்றாக முகர்ந்தும் பார்க்கிறான்.

24 ராத்திரி குளிப்பதாகத்தான் திட்டம். நேற்று அம்மா அதையும் மாற்றிவிட்டாள். இங்கே ஆராதனை காலை பத்து மணிக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "கோயில் எப்போ திறந்தா என்னட்டி, நாம குளிக்க நேரம் மூணு மணிதான்" என்று முடித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய கொண்டாட்டமாகிவிட்டது.

வெந்நீருக்கு அலாரம் இரண்டே முக்காலுக்கு வைத்தாயிற்று.